பதினான்கு அடியில் நின்ற படகு

சித்திரை பத்தாம் தேதி காட்டுக்கொல்லை ஏரியில் மிச்சமிருந்த தண்ணீரும் வற்றிப்போனது. குணசீலனின் படகு மட்டும் இறங்கவில்லை. தை மாதம் அவன் நங்கூரம் போட்ட அன்று தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றதோ அதே மட்டத்தில், வெடித்துக் கிடந்த வண்டலுக்குப் பதினான்கு அடி மேலே, அந்த மஞ்சள் படகு நின்றது. அதற்குள் காலை நீட்டிக்கொண்டு குணசீலன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். போளூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறும் பேருந்து ஏரிக்கரையில் ஐந்து நிமிடம் கூடுதலாக நிற்கத் தொடங்கியது அந்த வாரத்தில்தான். அதே வாரம் புளி விலையும் இறங்கியது. ஊரில் அதிகம் பேசப்பட்டது புளியைப் பற்றித்தான்.

படகு அவனுடையது அல்ல. வாணியம்பாடியில் ஒரு தோல் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருந்த வக்கார் வாங்கியது. கயாக் என்று அவர் சொல்வார், ஊரில் டப்பா என்பார்கள். ஒரே ஆள் உட்காரக்கூடிய பிளாஸ்டிக் படகு. மாடிவீட்டில் வைக்க இடமில்லை என்று குணசீலன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து மீன் பிடித்துவிட்டுப் போவார். மற்ற ஆறு நாளும் அதற்கு குணசீலன்தான் சொந்தக்காரன். மலைக்காற்று இறங்கினால் அந்த டப்பா காகிதமாய் அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால் நங்கூரம் இல்லாமல் அதில் மீன் பிடிக்க முடியாது. கயிறு ஆழத்தைப் போல மூன்று மடங்கு நீளம் வேண்டும். மூக்கில் கட்டலாம், வாலில் கட்டலாம், இடுப்பில் கட்டினால் கவிழ்த்துவிடும். அதற்காக வக்கார் படகின் பக்கவாட்டில் முன்னும் பின்னும் இரண்டு சின்ன உருளைகள் வைத்து ஒரு கயிற்றை வளையமாக ஓடவிட்டிருந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே நங்கூரக் கயிற்றை மூக்குக்கோ வாலுக்கோ தள்ளிக்கொள்ளலாம். அவசரமென்றால் கழற்றிவிட ஒரு கொக்கி, கொக்கி மக்கர் செய்தால் அறுக்க ஒரு கத்தி. எல்லாவற்றையும் குணசீலன் சொன்னது சொன்னபடி செய்தான். ஆனால் வக்கார் கொடுத்திருந்த நாலு கொம்பு இரும்பு நங்கூரம் ஏரிக்கடியில் ஏதோ மரத்து வேரில் மாட்டிக்கொண்டு மார்கழியிலேயே போய்விட்டது. அதற்குப் பதிலாக ஐந்து கிலோ அளவில் ஒரு கல் தேடினான். வீட்டிலேயே ஒன்று இருந்தது.

காட்டுக்கொல்லையில் கல்யாணத்துக்குப் பெண்வீட்டார் ஒன்றரைச் சாண் நீளத்தில் சின்னதாக ஓர் அம்மி கொண்டுவருவார்கள். மிதிப்பதற்கென்றே செய்த அம்மி, அதில் ஒரு மிளகாய்கூட அரைக்க மாட்டார்கள். மாப்பிள்ளை குனிந்து பெண்ணின் காலைத் தூக்கி அதன்மேல் வைத்து மெட்டி போடுவான். கல்லு மாதிரி அசையாமல் இரு என்று நாலு பேர் அவளுக்குச் சொல்வார்கள். அவனுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. குணசீலனின் மனைவி இளவரசி சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டவள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் ஒரு ராத்திரி வெளியூரில் தங்கியதில்லை. குணசீலனோ கால் தரிக்காதவன். பெங்களூரில் கட்டட வேலை, திருப்பூரில் சாயப்பட்டறை, ஆந்திரா பக்கம் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டி என்று ஆறு மாதம் இங்கே எட்டு மாதம் அங்கே இருப்பான். போகும்போது சொல்லிக்கொள்ள மாட்டான், வரும்போது மட்டும் ஒரு பொட்டலம் அல்வாவோடு வருவான். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், வீட்டில் இருக்கவும் மாட்டான். அவன்தான் அந்த அம்மியைச் சாமி படத்துக்குக் கீழேயிருந்து எடுத்து, கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி முடிந்து, ஏரிக்கு எடுத்துப்போனான். கனம் சரியாக இருந்தது என்பதைத் தவிர அவன் மனதில் வேறொன்றும் இல்லை.

அன்று தை பன்னிரண்டு. இருட்டியும் அவன் வராததால் இளவரசி தனக்கு மட்டும் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். மறுபடியும் எங்கோ கிளம்பிவிட்டான் என்றுதான் நினைத்தாள். நான்காம் நாள் ஆடு மேய்ப்பவர்கள் வந்து, ஆள் ஏரி நடுவிலேயே இருக்கிறான், கூப்பிட்டால் "தோ வர்றேன்" என்கிறான், வரத்தான் காணோம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை வக்கார் பரிசல் பிடித்துப் போய்ப் பார்த்தார். தண்ணீர் சற்று இறங்கியிருந்தது. படகின் அடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு விரற்கடை வெளிச்சம் தெரிந்தது. கத்தியைப் போட்டார், அது கயிற்றுக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தது, கயிறு அறுபடவில்லை. குணசீலனின் கையைப் பிடித்துப் பரிசலில் இறக்கினார். இறக்கிவிட்டு நிமிர்ந்தால் அவன் படகில் உட்கார்ந்திருந்தான். மூன்று முறை இறக்கினார். பிறகு கொக்கியைக் கழற்றச் சொன்னார். அது மட்டும் உடனே கழன்றது. கழன்றதும் படகு விருட்டென்று மேலெழும்பி மலைப்பக்கம் போகத் தொடங்கியது, வக்கார் எட்டிக் கயிற்றைப் பிடித்து இழுத்து மறுபடி மாட்டினார். கரைக்கு வந்து இளவரசியிடம், "கொக்கியக் கழட்டுனா போய்டுவாரும்மா. எங்க போவாருன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்" என்றார்.

மாசி, பங்குனி என்று தண்ணீர் இறங்கிக்கொண்டே போய்ச் சித்திரையில் முழுக்க வற்றியது. வெயில் கொளுத்திய நாளிலும் படகின் நிழல் விழுந்த இடத்தில் வண்டல் காயவில்லை. அதன் கீழே நடந்து போனவர்களுக்குச் சட்டை நனைந்தது. காற்றில்லாத மத்தியானங்களில் படகின் பக்கங்களில் தண்ணீர் தட்டுகிற சத்தம் கேட்டது. நீர்க்காகங்கள் வெறும் காற்றில் முங்கி, சற்றுத் தள்ளி வெறும் காற்றிலிருந்து எழும்பி, இறகைச் சிலிர்த்துக்கொண்டன. குணசீலனின் தூண்டிலில் கெண்டையும் ஜிலேபியும் துடிக்கத் துடிக்க மாட்டின. அவற்றை அவன் கயிற்றில் கோத்து இறக்கிவிட்டால் இளவரசி வாங்கிக்கொண்டு, அதே கயிற்றில் சோற்றுத் தூக்கைக் கட்டி அனுப்புவாள். தூக்கு ஒவ்வொரு நாளும் கழுவினது போல ஈரமாகத் திரும்பி வந்தது.

இதெல்லாம் அவளைப் பயமுறுத்தவில்லை. பயமுறுத்தியது அவன் பார்வை. அவனுக்குத் தண்ணீர் வற்றவே இல்லை. ஏரித்தரையில் நடக்கிறவர்களையெல்லாம் அவன் பதினான்கு அடித் தண்ணீருக்கடியில் பார்த்தான். முதல் நாள் அவள் படகுக்குக் கீழே வந்து நின்று அண்ணாந்தபோது அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். கண்ணைத் திறந்தபடியே கிடக்கிறாளே, முடியெல்லாம் பாசி போல அலைகிறதே என்று புலம்பினான். அவள் எவ்வளவு கத்தியும் அவன் காதில் பாதிதான் விழுந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். கூந்தலைத் தொட்டுப் பார்த்தாள், காய்ந்துதான் இருந்தது. இருந்தாலும் அன்றிலிருந்து இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு போனாள்.

கயிற்றின் மறுமுனையை அவள் பார்த்தது ஏரி முழுக்க வற்றிய பிறகுதான். வண்டலில் பாதி புதைந்து கிடந்த கல்லைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. தொடாமல் திரும்பி வந்துவிட்டாள். வீட்டில் எத்தனையோ சாமான் கிடக்க, அவள் காலை வைத்த கல்தானா அவனுக்குக் கிடைத்தது? பஞ்சாயத்தில் ஆள் வைத்து இழுத்தார்கள், கடப்பாரை போட்டு நெம்பினார்கள், கலசப்பாக்கத்திலிருந்து மண் அள்ளும் எந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். எந்திரத்துக்கு இரண்டு பல் உடைந்தது, அம்மி அசையவில்லை. ஊரில் அந்தக் கல்லைத் தொடாதவள் இளவரசி ஒருத்திதான். அவளை யாரும் கூப்பிடவில்லை, அவளாகவும் போகவில்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்கு அந்தக் கோடையில் ஒரு நிம்மதியும் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக, புருஷன் எங்கே இருக்கிறான் என்று யாராவது கேட்டால் அவளால் கை நீட்டிக் காட்ட முடிந்தது.

புரட்டாசிக் கடைசியில் மேற்கே மேகம் கட்டியதும் அந்த நிம்மதி போய்விட்டது. மதகுப் பக்கத்து அளவுகல்லைக் காட்டி வக்கார் விளக்கினார். ஏரி நிரம்பினால் இருபத்திரண்டு அடி. படகு பதினான்கில் நிற்கிறது, தண்ணீர் இறங்கியபோது கூடவே இறங்காத படகு ஏறும்போது கூடவே ஏறாது. ஆள் எட்டடிக்குக் கீழே போய்விடுவான். இதைக் கீழேயிருந்து கத்திக் கத்தி அவனுக்கும் சொன்னார்கள். "தண்ணி கிட்ட வந்தா கொக்கியக் கழட்டிக்கினு போய்ட்றேன். நீங்க கவலப்படாதீங்க" என்றான் குணசீலன். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. மூழ்கினாலும் அவன் இல்லை, கழற்றிக்கொண்டாலும் அவன் இல்லை என்பது இளவரசிக்கு மட்டும்தான் புரிந்தது.

ஐப்பசி நான்காம் தேதி மழை பிடித்துக்கொண்டது. மூன்றே நாளில் மலை ஓடைகள் எல்லாம் இறங்கி ஏரி நடுவில் நாலடித் தண்ணீர் நின்றது. மூன்றாம் நாள் மத்தியானம் கரையில் நின்ற வக்கார், குணசீலன் மூக்குப்பக்கம் குனிந்து கொக்கியைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து இளவரசிக்குச் சொல்லியனுப்பினார். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். நடுவுக்குப் போகும்போது மார்பளவு இருந்தது. மழைச் சத்தத்தில் படகு அவள் தலைக்கு மேலே இருட்டாக நின்றது.

"மாமா, கொக்கிய தொடாதீங்க."

"யாரு, இளாவா?" அவன் விளிம்பில் கவிழ்ந்து பார்த்தான். கை கொக்கியிலேயே இருந்தது. "இன்னும் அடிலயேவா கீற? மேல வா. நானு கெளம்பப்போறேன்."

"நீங்க எங்கயும் கெளம்ப வாணாம். சும்மா குந்துங்க. நானே இட்டுக்கினு போறேன்."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கினாள். சேற்றுக்குள் கை விட்டுத் துழாவியபோது முதலில் கிடைத்தது முடிச்சு. அவன் கட்டிய முடிச்சு, நன்றாகத்தான் கட்டியிருந்தான். அவள் விரல் பட்டதும் அது இளகியது. எந்திரத்தின் பல்லை உடைத்த கல்லின் முடிச்சு அவள் நகத்துக்கு நெகிழ்ந்து கொடுத்தது. அந்த ஒரு நொடி அவளுக்கு அதை அவிழ்த்துவிட ஆசையாக இருந்தது. போகிறவன் போகட்டும், கொக்கியைக் கழற்றுவதற்கு முன்னால் நானே அனுப்பியதாக இருக்கட்டும் என்று தோன்றியது. பிறகு இருபத்திரண்டு வருடத்துக் கோபமும் சேர்ந்து கையில் இறங்க, முடிச்சை இழுத்து இறுக்கிவிட்டு, அம்மியை இரண்டு கையாலும் அடியோடு பெயர்த்தாள். கைக்குழந்தையைத் தூக்குகிற கனம்தான் இருந்தது. இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். மேலே மஞ்சள் படகு ஒரு குலுக்கு குலுங்கி, அவள் கரையைப் பார்த்து எடுத்துவைத்த முதல் அடியோடு தானும் நகர்ந்தது.

கரை ஏறியபோது அது கரைக்கு மேலே பதினான்கு அடியில் வந்தது. புளியமரங்களுக்கு நடுவே கிளைகளை விலக்கிக்கொண்டு வந்தது. மின்கம்பிக்கு முன்னால் இளவரசி நின்றாள். வக்கார் போன் போட்டு லைன்மேனை வரவழைத்து, அவர் கரண்டை நிறுத்திக் கம்பியை ஒரு மூங்கிலால் உயர்த்திப் பிடித்துக்கொள்ள, படகு உரசாமல் கடந்தது. படகிலிருந்து குணசீலன் திகைத்துத் திகைத்துப் பார்த்துக்கொண்டே வந்தான். அவன் கண்ணுக்கு ரோடும் பள்ளிக்கூடமும் கோயிலும் தண்ணீருக்கடியில் இருந்தன. தெருவில் நின்றவர்கள் குடை பிடித்தபடி மூழ்கி நின்றார்கள். "எல்லாரும் போய்ட்டாங்களா?" என்று கேட்டான். "எல்லாரும் கீறாங்க" என்றாள் இளவரசி. வீட்டுக்கு வந்து கல்லை வாசலில் இறக்கினாள். படகு ஓட்டுக்கூரைக்கு மேலே நின்றது. ஒரு வாரம் கழித்து மின்வாரியத்தில் அந்தத் தெருக் கம்பிகளை நாலடி ஏற்றிக் கட்டிக்கொடுத்தார்கள், ரேஷன் கார்டில் அவன் பெயர் முன்போலவே இருந்தது.

கார்த்திகையில் ஏரி நிரம்பி வழிந்தது. இளவரசி போய்ப் பார்த்துவிட்டு வந்து, யாரிடமும் ஒன்றும் கேட்காமல் கல்லை ஒரு துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டினாள். அவளுடைய தங்கை வடிவு கணியம்பாடியில் இருந்தாள். கல்யாணமாகிப் போய்ப் பதினைந்து வருடம், அந்த வீட்டை இளவரசி பார்த்ததில்லை. காலை ஒன்பது மணிப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். மேலேயிருந்து குணசீலன், "எங்க போறோம்?" என்று கேட்டான். அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "கூட வாங்க, தெரியும்" என்றாள். கண்டக்டர் வந்தார். அவளுக்கு ஒரு மகளிர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, ஜன்னல் வழியாக மேலே பார்த்தார். இரண்டு சொட்டுத் தண்ணீர் அவர் முகத்தில் விழுந்தது.

"ஏம்மா, அவருக்கு?"

"அவரு வண்டில ஏறலியே."

கண்டக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "கீழ வளைவுங்க ஜாஸ்தி. கல்ல கெட்டியா புடிச்சிக்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார்.