சொபுபெக்கின் தேன்பெட்டியைக் கவிழ்த்தது யார்

அந்த ஆகஸ்டில் சொபுபெக்கின் தேன்பெட்டிகளில் இரண்டு சூறையாடப்பட்டன. அக்ரூட் காட்டுக்கு மேலே உள்ள புல்வெளியில் முப்பது பெட்டிகள் வைத்திருந்தார். திருடன் யாரென்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மனைவியின் தம்பி ஜுமாதில்தான். தேன் என்றால் உயிரை விடுகிறவன். போன வருஷம் ஒரு வாளி கேட்டு, அரை வாளிதான் கிடைத்ததென்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன். ஒரு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை.

“கரடியா இருக்கும்ணே” என்றாள் ஜூரா. வன அலுவலகத்துக்காகக் காட்டில் மரங்களில், ஏதாவது அசைந்தால் தானே படமெடுக்கும் கேமராக்களைக் கட்டி, பத்து நாளைக்கு ஒருமுறை போய் மெமரி கார்டை மாற்றி வருவது அவள் வேலை.

“இந்தக் காட்டுல கரடியப் பார்த்து முப்பது வருஷமாச்சு. ஜுமாதிலைப் பார்த்து ரெண்டு நாள்தான் ஆகுது.”

ஜூரா ஒரு கேமராவைப் பெட்டிகளுக்கு எதிரே இருந்த ஆப்பிள் மரத்தில் கட்டினாள். முதல் கார்டில் தொள்ளாயிரத்துப் பதினாறு படங்கள். காற்றில் ஆடும் புல் எண்ணூற்றுச் சொச்சம். மீதியெல்லாம் சொபுபெக்கின் பசுவுடைய பின்பக்கம்.

“உங்க மாட்டுக்குத் தன்னைப் படம் எடுக்குறது நல்லாத் தெரியுதுண்ணே” என்று சொல்லிவிட்டு, அரிவாளோடு போய்ப் புல்லை அறுத்தாள். கேமராவையும் ஒரு முழம் உயர்த்திக் கட்டினாள்.

அடுத்த வாரம் மூன்றாவது பெட்டியும் போனது. கார்டை எடுத்துக்கொண்டு ஜூரா நேரே சொபுபெக் வீட்டுக்கு வந்தாள். அவர் மனைவி சாய்ரா தேநீர்க் கிண்ணங்களை ஒதுக்கிவிட்டு லேப்டாப்புக்கு இடம் செய்தாள். திறந்ததும் வந்து நின்ற படத்தில் ஜுமாதில், கையில் தேன்பெட்டியோடு.

சொபுபெக் தொடையில் தட்டினார். “பார்த்தியா சாய்ரா, உன் தம்பி லட்சணத்தை?”

சாய்ராவின் முகம் சுருங்கியது.

“இருங்கண்ணே. இது கடைசிப் படம். முதல்லேருந்து பார்க்கலாம்” என்றாள் ஜூரா.

விடிகாலை ஐந்து பன்னிரண்டு. பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய முதுகு. அடுத்ததில் கரடி பெட்டியை அணைத்தபடி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் குட்டி ஒன்று தேனடைக்குள் முகத்தைப் புதைத்திருந்தது. ஐந்து நாற்பதுக்கு வெறும் புல்வெளி, கவிழ்ந்த பெட்டி. ஐந்து ஐம்பத்தைந்துக்கு ஜுமாதில் வருகிறான். குனிந்து தேனடைச் சட்டங்களைப் பொறுக்குகிறான். பிறகு நாலு படங்களில் ஒற்றைக் காலில் குதிக்கிறான், தொப்பியால் தன் தலையிலேயே அடித்துக்கொள்கிறான். கடைசியில் பெட்டியைத் தூக்கி அதன் இடத்தில் வைக்கிறான்.

சாய்ராதான் முதலில் சிரித்தாள். அடக்கப் பார்த்தும் முடியாமல் தலைத்துணியின் நுனியை வாயில் வைத்துக்கொண்டாள்.

சொபுபெக் எழுந்து உள்ளே போய் ஒரு வாளித் தேனோடு வந்தார். ஜூராவையும் கூட வரச் சொன்னார். தனியாகப் போக அவருக்குக் கூச்சமாக இருந்தது.

ஜுமாதில் வாசலில் குதிரைக்கு லாடம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வாளியைப் பார்த்தான், பிறகு அத்தானைப் பார்த்தான்.

“இதுல என்ன அத்தான், விஷமா?”

“கேமராவுல எல்லாம் பார்த்தேன். ஏன்டா எங்கிட்ட சொல்லலை?”

“குதிரையை மேய விடப் போனேன், பெட்டி கவுந்து கிடந்துச்சு. அப்படியே விட்டா வெயில்ல தேனீ செத்துப்போகும். உங்ககிட்ட சொன்னா, நீதான் கவுத்தேன்னு சொல்லுவீங்க.”

சொபுபெக் வாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். “சொல்லியிருப்பேன்தான்” என்றார். பிறகு, “தப்பு என்மேலதான் ஜுமாதில்.”

“சரி, வாளியை இறக்குங்க. கை வலிக்கப் போகுது. முழு வாளிதானே?”

“விளிம்பு வரைக்கும்.”

மூவரும் உள்ளே போய் ரொட்டியைத் தேனில் தோய்த்துத் தின்றார்கள். கரடியைச் சுட வேண்டும் என்ற பேச்சை ஜுமாதிலே எடுத்தான், அவனே விட்டும்விட்டான். குட்டி இருக்கிறதே. மறுநாளே மச்சானும் அத்தானும் மேலே போய்ப் பெட்டிகளைச் சுற்றி மின்கம்பி வேலி போட்டார்கள். பாட்டரியும் கம்பியும் வன அலுவலகம் கொடுத்தது. வேலி எப்படி என்று சோதிக்க முதலில் யார் தொடுவது என்பதில் மட்டும் அரைமணி நேரம் சண்டை. அதுவும் கேமராவில் பதிந்திருக்கிறது.

கரடிப் படத்தைக் கேட்டு நகரத்திலிருந்து ஜூராவுக்கு மூன்று பேர் போன் செய்தார்கள். முப்பது வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் படம் அது. அவளோ அப்போது மலைமுகட்டில் புதிதாக ஏதோ ஒரு விலங்கின் காலடித் தடத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு கேமராக்களைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தாள்.