வாயடைத்த மூலை

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, காலை நீட்டி உட்காருங்கள். தூக்கி எறிவதையே வேலையாக வைத்திருந்த ஒருத்தியின் கதை சொல்கிறேன்.

பூமிக்கடியில் ஒரு பெரிய குழாய். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஓயாமல் மோதிச் சிதறும். அத்தனையையும் சேர்த்துவைக்க எங்கே இடம்? அதனால் எது வேண்டும், எது வேண்டாம் என்று கண் சிமிட்டுவதற்குள் ஒரு சிப் முடிவு செய்துவிடும். அது வேண்டாம் என்றால் போனதுதான். யார் அழுதாலும் திரும்பாது. அந்தச் சிப்புக்குப் புத்தி சொல்லிக்கொடுக்கிறவளுக்கு ஆபீசில் சல்லடை என்றே பெயர்.

போன மாதம், துகள் வருவதைப் பார்த்துச் சொல்லும் கருவியின் ஒரு மூலை, கேபிள் கோளாறில், துகள் வராமலே வந்தது வந்தது என்று கத்திக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அக்காவின் போன்.

"அப்பாக்கு ரொம்ப மூச்சு வாங்குதுடி. உடனே கெளம்பி வா."

கத்துகிற மூலையிலிருந்து எது வந்தாலும் தள்ளிவிடு என்று சிப்புக்குச் சொல்லி, அதன் வாயை அடைத்துவிட்டு ஓடினாள். கேபிளை மறுநாளே யாரோ மாற்றிவிட்டார்கள். அடைப்பை எடுக்கத்தான் ஆளில்லை. அப்பாவின் காரியமெல்லாம் முடித்து, அக்காவோடு வீட்டை ஒழித்துப் பூட்டிவிட்டு, பிழிந்த துணியாகத் திரும்பி வந்தாள்.

இன்று மத்தியானம், ஆறின காபியோடு திரையைப் பார்க்கிறாள், அந்த மூலை கறுப்பாகக் கிடக்கிறது. கருவியே பழுது என்று சொல்லிவிடலாம். யாரும் தோண்டப் போவதில்லை. ஆனால் பக்கத்து மேசைக்காரர், இதே ஆராய்ச்சியில் தலைமுடி கொட்டிப்போன மனுஷர், எதிர்பார்த்ததைவிடத் துகள் குறைவாக வருகிறது, இது புதுசு என்று பூரிப்போடு எழுதிக்கொண்டிருந்தார்.

எழுந்துபோய் நின்றாள்.

"சார், உங்க துகள் குறையல. நான்தான் தள்ளிவிட்டுட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எப்பலேருந்து?"

"அப்பாவப் பாக்க ஓடினேனே, அன்னிலேருந்து."



"பெருசா கண்டுபிடிச்சுட்டேன்னு காலையிலதான் வீட்டம்மாகிட்ட பீத்திக்கிட்டேன்," என்றார். "அவ நம்பல. கெட்டிக்காரி."

சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "போனதக் கொண்டுவர முடியாது சார்."

"தெரியும்மா." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அப்பா ஏதாவது பேசினாரா?"

"நான் போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

அவர் எழுதினதை மூடிவைத்தார். நாற்காலியை இழுத்து அவள் மேசையருகே போட்டுக்கொண்டார். "எடும்மா, பாப்போம்."

அடைப்பை எடுத்தாள். கறுப்பு மூலையில் ஒரு புள்ளி பூத்தது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று.

உங்கள் வீட்டில் யார் கூப்பிட்டாலும் நேரத்தோடு போய்ச் சேருகிற வழி உங்களுக்கு வாய்க்கட்டும், கண்ணுகளா. வாசலுக்கு வருவது எதுவும் முகம் பார்க்கப்படாமல் திரும்பாதிருக்கட்டும்.