யோசனைக்கு உதிரும் மரம்

தாராவியில் ஆறுமுகத்தாய் வீட்டு வாசலில் மண்ணெண்ணெய் டின்னில் நின்ற ஆப்பிள் மரம், தெருவில் யாராவது யாருக்காவது யோசனை சொன்னால் ஒரு பிஞ்சை உதிர்த்தது. 1960-ல் மகள் பேராச்சி பிறந்தபோது போட்ட விதை அது. முதல் பழத்தைப் பிள்ளையாருக்குப் படைத்துவிட்டுத்தான் பிள்ளைக்குக் காது குத்துவது என்று ஆறுமுகத்தாய் அன்றே நேர்ந்துகொண்டாள். வேறு வேலையில்லாமல் நேர்ந்த நேர்ச்சை. மரம் மூன்றாம் வருஷமே காய்த்தது, ஒன்றும் பழுக்கவில்லை. தோல் கிடங்குப் பூதத்தான் வந்து, "மைனி, பிஞ்சு ரொம்பக் கூடிப்போச்சு. பாதியக் கிள்ளிப் போடுங்க, மிச்சம் நிக்கும்" என்றான். நல்ல யோசனைதான், அவன் வாயை மூடுமுன் ஒன்று விழுந்தது. ஜெயினுலாப்தீன் சாம்பல் போடச் சொன்னார், ஒன்று. மாட்டுங்கா கிளார்க் ஜகந்நாதன் செருப்பைத் தைக்கக் கொடுக்க வந்த இடத்தில், தண்ணீரை ஒரே சீராக விடம்மா என்றார். குழாயில் சீராக வந்தால்தானே! அதற்கும் ஒன்று.

காரணம் பிடிபடுவதற்குள் பேராச்சி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். ஆறுமுகத்தாய் தெருவையே கூட்டி, "கும்பிட்டுக் கேக்கேன், யாரும் ஒண்ணுஞ் சொல்லாதிய" என்றாள். வாயை எப்படி அடக்குவது என்று பக்கத்து வீட்டுப் பிச்சையா அங்கேயே வழி சொன்னான். இரண்டு விழுந்தன.

அடுத்த வருஷம் ஒரே ஒரு காய் தங்கியது. தெரு வாயைக் கட்டிக்கொண்டது. காய்ச்சல்காரன் தானாகவே டாக்டரைத் தேடிப் போனான்; யாரும் கெட்டுப்போகவில்லை. பள்ளிக்குப் போகும் மகளிடம்கூட ஆறுமுகத்தாய், பார்த்துப் போ என்று சொல்லவில்லை. மூளிக்காதி என்ற கேலி கேட்டு அழுதுவரும் பேராச்சி, காயைத் தினமும் தொட்டுப் பார்த்தாள். ஒரு பக்கம் சிவந்திருந்தது. அப்போதுதான் மழை பிடித்து, ஒழுகிய தகரக் கூரையில் சாக்குப் போட அவள் ஏறினாள். தகரம் வழுக்கியது. ஆறுமுகத்தாய் பல்லைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை.

"ஏட்டி, ஓரத்துல மிதிக்காத! கட்டையப் புடிச்சு எறங்கு!"

பிள்ளை பத்திரமாக இறங்கியது. காய் அதற்கு முன்பே இறங்கியிருந்தது.

ஆறுமுகத்தாய் மரத்தையும் பிள்ளையாரையும் தன் வாயையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தாள். பிறகு பாதி சிவந்த காயைக் கோயிலுக்குக் கொண்டுபோய், "பழுத்தது இவ்வளவுதான், வச்சுக்கிடும்" என்று வைத்தாள். பிள்ளையார் யோசனை எதுவும் சொல்லவில்லை.

மறுநாளே காதுகுத்து. ஊசி எங்கே இறங்க வேண்டும் என்று ஆசாரிக்குத் தெருவே வழி சொன்னது, ஆறுமுகத்தாய் எல்லோரையும்விட உரக்க. காயில்லாத மரம் இலைகளை உதிர்த்தது. அவள் அவற்றைக் கூட்டித் தள்ளிவிட்டு, வந்தவர்களுக்குப் பாய் விரித்தாள்.