உப்பு மூட்டைக்கு அடியில்

என் தம்பியை ஒரு மேசையிலிருந்து எழுந்து போகச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. அதுவும் எங்கள் வீட்டு மருமகள் நடத்துகிற மேசையிலிருந்து. அன்றும் இதைத்தான் சொன்னேன், இன்றும் இதைத்தான் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கண்ணாடிக்கடைக்காரர் தன் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஒரு மேசை போட்டுத் தருவார். அங்கே கூடுகிறவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, ஒரு கதையை வாயாலேயே நடத்துவார்கள். காடு, கோட்டை, காவலாளி எல்லாம் என் மருமகளின் பொறுப்பு; வழியில் எதிர்ப்படும் ஆட்கள் அத்தனை பேருக்கும் அவள்தான் குரல். இதில் வெற்றி தோல்வியே கிடையாதாம். அப்புறம் எதற்குத் தகராறு என்று கேட்காதீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

மனைவி தவறிப் போன பிறகு தம்பி என் வீட்டில்தான் இருக்கிறான். சாப்பிடக் கூப்பிட்டால் "ம்" என்பான், அதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சட்டைக்கு இஸ்திரி போடுவான். அந்த மேசையில் அவன் வாய் ஓயாமல் பேசுகிறான் என்று மருமகள் சொன்னபோது நான் நம்பவில்லை.

அந்தப் பேச்சுதான் குற்றமாகிவிட்டது. கூட விளையாடும் லிஃப்ட் மெக்கானிக் மருமகளுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். கூடத்தில் அவள் அதைப் போட்டுக் கேட்டபோது என் காதிலும் விழுந்தது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க சின்ன மாமா நல்ல மனுஷன்தான். ஆனா நாங்க வெட்டுக்குத்துக்குன்னு வர்றோம். அவரு கோட்டைக் காவக்காரனோட கழுதைக்கு ஏன் கால் வலின்னு விசாரிச்சுக்கிட்டு இருக்காரு. போன வாரம் பூரா கழுதையிலயே போச்சு. இந்த வாரத்தோட அவரை நிறுத்திக்கச் சொல்லிடுங்க."

கழுதையை நலம் விசாரித்ததற்காக எங்கள் வீட்டு ஆளை வெளியே அனுப்புவதா! அந்த ஞாயிறு நானும் கிளம்பினேன்.

"மாமா, அங்க வந்து சண்டை போடக் கூடாது," என்றாள் மருமகள்.

"நான் எதுக்குச் சண்டை போடறேன்? ஓரமா உட்கார்ந்து பார்க்கப் போறேன்."

"சும்மா பார்க்க முடியாது. மேசையில உட்கார்ந்தா விளையாடணும், அதான் அங்க வழக்கம்."

அப்படித்தான் எனக்கு வண்டிக்காரன் வேடம் வந்து சேர்ந்தது.

ஒவ்வொருவர் விளையாடும் லட்சணத்தையும் பார்த்தேன். கண்ணாடிக்கடைக்காரர் தன் வீரனை லென்ஸ் தேய்ப்பது போலத் தேய்த்து வைத்திருந்தார். எந்த வாளுக்கு எவ்வளவு கூட்டல், எந்தக் கவசத்துக்கு எவ்வளவு கழித்தல், எல்லாம் விரல் நுனியில். அந்த வீரனுக்கு அம்மா அப்பா உண்டா என்று கேட்டேன். "அதுக்குப் பாயின்ட் கிடையாது சார்," என்றார். வாரம் முழுக்க அடுத்தவர் கதவைப் பழுது பார்க்கிற மெக்கானிக்குக்கு இங்கே கதவைக் கண்டால் உடைக்க வேண்டும், ஆளைக் கண்டால் வெட்ட வேண்டும். இவர்களா என் தம்பிக்கு விளையாடத் தெரியவில்லை என்பது?

அன்றைய திட்டம், கோட்டைக்குள் புகுவது. உள்ளே ஆயுதம் கொண்டுபோகத் தடை. ஆகவே வண்டியில் உப்பு மூட்டைக்கு அடியில் ஆயுதங்களை ஒளித்தாகிவிட்டது. வாசலில் கேட்டால் நான் "உப்பு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம்.

மருமகள் குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு காவலாளியானாள். "நிறுத்துய்யா வண்டிய! உள்ள என்ன?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் துறைமுகச் சுங்கத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்து இளித்தவர்கள் எத்தனையோ பேர். எங்கள் குடும்பத்தில் ஒருவன் அந்த வரிசையில் போய் நிற்பதா, விளையாட்டுக்குக்கூட?

"மேல உப்பு. அடியில வாள், கத்தி, ஒரு கோடாலி," என்றேன்.

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ சார்! அது கற்பனைக் காவக்காரன்!"

"கற்பனையோ என்னமோ, டியூட்டியில இருக்கறவன் கேட்டா உண்மையைத்தான் சொல்லணும்."

"இதுக்குக் கழுதைக்காரரே தேவலை போலிருக்கே," என்று முனகினார் கண்ணாடிக்கடைக்காரர்.

காவலாளி வண்டியைக் கவிழ்த்து ஆயுதங்களை அள்ளிக்கொண்டான். ஈட்டிகள் எங்களைச் சூழ்ந்தன. மெக்கானிக் பகடையை எடுத்தார், ஆனால் வெட்டுவதற்குக் கையில் ஒன்றுமில்லை. அப்போது என் தம்பி முன்னால் சாய்ந்து கேட்டான்:

"கழுதை இப்ப கால் ஊனுதா?"

மருமகள் ஒரு கணம் அவனையே பார்த்தாள். கரகரப்பு இறங்கிவிட்டது. "ஊனுதுங்க. நீங்க சொன்ன மாதிரிதான் கட்டுப் போட்டேன்." பிறகு, "ஆயுதம் இங்கயே இருக்கட்டும். நீங்க எல்லாரும் உள்ள போங்க," என்றாள்.

"பகடையே உருட்டலையே!" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"தேவையில்ல. சின்ன மாமா அதைப் போன வாரமே சம்பாதிச்சுட்டாரு."

"எடுத்துக்கிட்ட சாமானுக்கு ரசீது?" என்று கேட்டேன். முறைப்படி கேட்டதற்கு எதற்காகச் சிரித்தார்கள் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

கோட்டைக்குள் நுழைந்துவிட்டோம். சுற்றிலும் எதிரிகள், எங்களிடம் ஒரு கரண்டிகூட இல்லை. கண்ணாடிக்கடைக்காரர் தன் வீரனின் கணக்குத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாக் கூட்டலும் வாளுக்குத்தான். மெக்கானிக் வெறுங்கையைப் பிசைந்தார். கடைசியில் என் தம்பி பக்கம் திரும்பி, "இனிமே உங்க வாய்தான் சார் எங்களுக்கு ஆயுதம். அடுத்த வாரம் நேரத்தோட வந்துடுங்க," என்றார்.

"அது போதாது," என்றேன். "இவன் வேண்டாம்னு செய்தி அனுப்பினீங்களே, அதுக்கு மன்னிப்புக் கேளுங்க."

மெக்கானிக்கின் முகம் வெளுத்தது. தம்பி என் முழங்கையைத் தொட்டான்.

"விடுங்கண்ணே. அந்தச் செய்தி என் அறை வரைக்கும் கேட்டுது."

தெரிந்தேதான் அன்று சட்டைக்கு இஸ்திரி போட்டிருக்கிறான்.

"கொஞ்சம் சும்மா இருங்க," என்றான். "கோட்டைச் சமையல்காரிக்கு ஏதோ மனக்கஷ்டம் போலிருக்கு. என்னன்னு கேட்கணும்."

அந்த மன்னிப்பு இன்றுவரை வரவில்லை. வாங்காமல் விடுவதாகவும் இல்லை. அதற்காகவே ஒவ்வொரு ஞாயிறும் போய் அந்த மேசையில் உட்காருகிறேன். தம்பி இப்போது இரண்டு சட்டைக்கு இஸ்திரி போடுகிறான்.