தெற்கே போன பெயர்

புடுலிக் செத்த மூன்றாம் மாதமே அவர் பெயர் அந்த வடதுருவக் கடலோர ஊருக்குள் தனியாக நடமாடத் தொடங்கிவிட்டது. பனியில் காலடி விழும், கால் இருக்காது. விமான ஓடுபாதை வரை போகும், கூட்டுறவுக் கடை வாசலில் சற்று நிற்கும், பிறகு அவர் மனைவி அலாசியின் வீட்டு முன்னறைக்கு வந்து பூட்ஸைத் தட்டும். நாய்கள் முதலில் குரைத்தன, பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டன. கோடையில் கப்பலில் வரும் வெளியூர்க்காரர்களுக்காக விடுதிக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். திமிங்கிலம் பார்க்கலாம், மாக்கல் சிலை வாங்கலாம் என்பதற்குக் கீழே இதையும் எழுதிவைத்தார்கள்: காற்றில்லாத நாளில் ஒரு பெயர் நடப்பதைக் கேட்கலாம். வந்தவர்கள் படம் எடுத்தார்கள், படத்தில் சரளைக்கல்தான் விழுந்தது.

பெயர் இப்படித் தெருவில் அலையக் கூடாது. இறந்தவரின் பெயரை அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு வைப்பது அந்தக் கரையில் வழக்கம். ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை, பெயரோடு ஆளும் வந்து சேர்ந்துவிடுவார். வேட்டைக்காரன் ஜுவானசி, செத்துப்போன தாயின் பெயரை வைத்த தன் இரண்டு வயது மகளை அம்மா என்றுதான் கூப்பிடுவான், சிகரெட்டையும் அவளுக்குத் தெரியாமல்தான் பிடிப்பான். புடுலிக்கின் பெயரைத்தான் யாரும் தொடவில்லை. அவர் போன விதம் அப்படி. குளிர்காலத்தில் கடல் உள்வாங்கும்போது பனிப்பாளத்துக்கு அடியில் கொஞ்ச நேரம் தண்ணீர் இருக்காது. ஓட்டை போட்டு இறங்கி, விளக்கு வெளிச்சத்தில் சிப்பி பொறுக்கி, தண்ணீர் திரும்புவதற்குள் மேலே ஏறிவிட வேண்டும். எல்லாரும் ஏறிய பிறகும் புடுலிக் இன்னொரு வாளி நிரப்பப் போனார். அந்தப் பேராசை பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று தாய்மார்கள் பயந்தார்கள்.

அலாசி கர்ப்பிணிகள் இருந்த வீடுகளிலெல்லாம் படியேறிக் கேட்டாள். "நீங்க கேட்டுட்டுப் போயிடுவீங்கக்கா, காலம் பூரா கடல் பக்கம் போகாம காவல் காக்கறது நாங்கதானே?" என்றாள் ஒருத்தி. அலாசி முகம் தொங்கத்தான் திரும்பினாள், ஆனால் உள்ளுக்குள் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி. யாராவது சரி என்று சொல்லிவிட்டால் முன்னறையில் பூட்ஸ் தட்டும் சத்தம் போய்விடுமே. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அவளுக்கு இருந்த துணை அது ஒன்றுதான். இப்படியே வருஷங்கள் ஓடின. ஒரு குளிர்காலம் காய்ச்சலில் படுத்திருந்தபோது, தானும் போய்விட்டால் அந்த மனுஷன் யார் வீட்டில் பூட்ஸைத் தட்டுவார் என்ற நினைப்பு வந்து அழுதுவிட்டாள்.

அந்த வருஷம் அக்கா மகள் சைரா ஒப்புக்கொண்டாள். "குடு சித்தி, சிப்பியே கண்ணுல காட்டாம வளத்துக்கறேன்."

பிரசவத்துக்கு விமானம் ஏறித் தெற்கே பெரிய ஊருக்குத்தான் போக வேண்டும். அலாசி ஓடுபாதை வரை நடந்தாள், பக்கத்தில் காலடிகளும் நடந்தன. "போயிட்டு வாங்க. சைரா பக்கத்துலயே இருங்க, எங்கயும் வேடிக்கை பாத்துட்டு நின்னுடாதீங்க" என்றாள். எடை கூடிவிட்டது என்று விமானி இரண்டு மூட்டைகளை இறக்கிவைத்துவிட்டுக் கிளம்பினான். அன்று முதல் அலாசி தொலைக்காட்சியை அணைக்காமல் தூங்கினாள்.

சைரா ஒரு பையனோடு திரும்பினாள். அவன் பெயர் வேறு. அவள் அங்கே இருந்தபோதே இங்கே மாமியார் இறந்துபோக, கணவன் போனில் அழுதிருக்கிறான், அம்மா பெயரை வைத்துவிட்டார்கள். புதிதாக இறந்தவரைக் காக்கவைப்பது முறையில்லை, அலாசியும் குறை சொல்லவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"அவரை எங்க விட்டுட்டு வந்த?"

"ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வந்தாரு சித்தி. லிப்டுல ஒரே கூட்டம். அப்புறம் காணோம்."

அத்தனை பெரிய ஊரில், பாஷை தெரியாத ஒரு பெயர் எங்கே போய் நிற்கும்? தானே கையைப் பிடித்து அனுப்பிவைத்தோமே என்று அலாசி வயிற்றிலடித்துக்கொண்டாள். பிறகு அழுகையும் தீர்ந்துபோயிற்று. முன்னறைக் கதவை மட்டும் தாழிடாமலே வைத்திருந்தாள். சைராவின் பையனுக்குப் பால்பல் விழுந்தது.

அந்த ஆகஸ்டில் வந்த கப்பலிலிருந்து, தெற்கே பஸ் ஓட்டும் ஒரு பெண் தன் மகளோடு திமிங்கிலம் பார்க்க இறங்கினாள். கூட்டம் கடற்கரைப் பக்கம் திரும்ப, மகள் மட்டும் கையை உதறிக்கொண்டு மேட்டில் ஏறி, நேரே அலாசி வீட்டு முன்னறைக்குள் நுழைந்து பூட்ஸைத் தட்டினாள். "புடுலிக்! ஏய் புடுலிக், நில்லு!" என்று தாய் பின்னாலேயே ஓடி வந்தாள். "மன்னிச்சுக்குங்க. பிரசவ வார்டுல காதுல விழுந்த பேருங்க. அர்த்தம்கூடத் தெரியாது, நல்லா இருந்துச்சுன்னு வச்சுட்டோம்."

அலாசி எழுந்து நின்றாள். "வந்துட்டீங்களா" என்றாள்.

"ரொம்பச் சுத்திட்டேன். பசிக்குது" என்றாள் சிறுமி, யாரும் சொல்லித்தராத அந்த ஊர்ப் பாஷையில். கப்பலில் யாரிடமோ கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று தாய் நினைத்துச் சிரித்தாள்.

அலாசி உலர்ந்த மீனைக் கிழித்துக் கொடுத்தாள். சிறுமி கொழுப்பிருந்த பக்கத்தை முதலில் தின்றாள். தாய் வெளியே போய்ப் படம் எடுத்த நேரத்தில் அலாசி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "இருந்துடுறீங்களா?" சிறுமி மீனை மெல்லுவதை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியே தன் அம்மாவைத் தேடினாள். அலாசிக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. கப்பல் சங்கு ஊதியது. கரை வரை கூடவே வந்தவள், சிறுமியின் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டு, "அவருக்குக் காதுல காத்து படக் கூடாதும்மா" என்று தாயிடம் சொல்லி ஏற்றிவிட்டாள். கப்பல் முனையைத் தாண்டும்வரை நின்றாள்.

மறுநாள் கூட்டுறவுக் கடையில் விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரும் வியக்கவில்லை. சுரங்க வேலைக்குப் போன ஆண்களின் மனைவிமாரிடம் கேட்பதைத்தான் அவளிடமும் கேட்டார்கள்.

"வீட்டுக்காரரு வந்துட்டுப் போனாராமே. இனி எப்ப வர்றாரு?"

அலாசி மாவுப் பையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"பள்ளிக்கூடம் லீவு விட்டாத்தான்."