மோஸெல்லைக் கூப்பிட்ட பாட்டு

செனோபியா அத்தை சர்ச் வாசலிலேயே வெர்லீனைப் பிடித்து நிறுத்தி, தொப்பியைச் சரிசெய்கிற சாக்கில் காதோரம் குனிந்தாள்.

"பாஸ்டர்கிட்ட மறுபடியும் போய்க் கேட்டியாமே. வேணாம்டி. உள்ள என் தம்பி பெட்டியில கெடக்கான். அவனை அசிங்கப்படுத்தாத."

"அப்பா கேட்டாரு அத்தே. நானும் சரின்னு வாக்கு குடுத்துட்டேன்."

"சாகக் கெடக்கறவன் ஆயிரம் கேப்பான்."

வெர்லீனுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. கோடை முழுக்க அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்ததில் முதுகு விட்டுப்போயிருந்தது. கடைசி வாரம் சோளக்கஞ்சியைக்கூட வேண்டாமென்று தள்ளிவிட்ட அப்பா எல்மோர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "என் பாட்டைப் போட்டு என்னை அனுப்பு."

மெம்ஃபிஸில் அந்தப் பாட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. எல்மோர் ஒரு காலத்தில் இதே சர்ச்சில் டிரம் வாசித்தவர். "கர்த்தரே, வந்துவிடும்" என்று இங்கே பாடிக்கொண்டிருந்த மெட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய், கர்த்தர் இருந்த இடத்தில் மோஸெல் என்கிற பெண்ணை உட்காரவைத்து, பியானோ, சாக்ஸபோன் சகிதமாக ஓர் அறையில் பதிவு செய்தார். கறுப்பர்களின் ரேடியோவில் அது ஒரு கோடை ஓடியது. அடுத்த வருஷம் ஒரு வெள்ளைக்காரப் பையன் அதையே பாட, நாடே ஆடியது. பையன் படம் பத்திரிகைகளில் வந்தது. கர்த்தரின் பாட்டைப் பிசாசுப் பாட்டாக்கிவிட்டார் என்று எல்மோரை சர்ச்சிலிருந்து நீக்கினார்கள். நீக்கச் சொல்லிக் கை தூக்கியவர்களில் செனோபியா அத்தையும் ஒருத்தி. பல வருஷம் கழித்துத் திரும்பி வந்தவருக்குக் கடைசி பெஞ்சு கிடைத்தது, டிரம் கிடைக்கவில்லை.

"மெட்டு ஒண்ணுதானேம்மா," என்று பாஸ்டர் டில்லர்ட் சமாதானம் சொல்லியிருந்தார். "நம்ம பழைய பாட்டையே பாடச் சொல்றேன். உங்கப்பாவுக்குப் புரியும்."

அப்பாவுக்குப் புரியாது, கோபம்தான் வரும் என்று வெர்லீனுக்குத் தெரியும். ஆனாலும் தலையாட்டிவைத்தாள். வாக்குத் தவறியவளாகவே முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

பாடகர் குழு எழுந்தது. பழைய பாட்டு, பழைய சொற்கள். ஒவ்வொரு அடி முடிவிலும் நான்கு தட்டு தட்டவேண்டும். சர்ச் முழுக்கக் கை தட்டியது. வெர்லீனால் மட்டும் மடியிலிருந்து கையைத் தூக்க முடியவில்லை. சும்மா இருந்ததால்தான் அவள் காதில் அது விழுந்தது.

இரண்டு தட்டு. பிறகு ஒன்றுமில்லை. பிறகு கடைசித் தட்டு.

அசதியில் காது ஏமாற்றுகிறது என்று நினைத்தாள். அடுத்த அடியிலும் அதேதான். மூன்றாவது தட்டு இல்லை.

அந்த ஓட்டை சர்ச் பாட்டில் கிடையாது, இசைத்தட்டில்தான் உண்டு. பதிவின்போது கை தட்டிக்கொண்டிருந்த எல்மோர், சரிந்து விழுந்த தன் தொப்பியைப் பிடிக்கப்போய் முதல் அடியிலேயே மூன்றாவது தட்டைத் தவறவிட்டார்; தப்பு தெரியாமலிருக்க மற்ற அடிகளிலும் அதே தட்டை விட்டார். அன்று பாட வந்திருந்தவனுக்கு மறுபடி பாடத் தொண்டை இல்லாததால் அப்படியே விட்டுவிட்டார்கள். இசைத்தட்டைக் கேட்டுப் பாடம் பண்ணிய வெள்ளைக்காரப் பையனும் அந்த இடத்தைக் காலியாகவே விட்டான். "பாட்டைத் திருடினது போகட்டும், என் தப்பையும் சேர்த்துல்ல தூக்கிட்டுப் போயிட்டான்," என்று எல்மோர் இருமல் வரும்வரை சிரிப்பார்.

வெர்லீன் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் வீட்டில் பிசாசுப் பாட்டுக்கு இடமில்லை என்று பீற்றிக்கொள்ளும், சர்ச் மூப்பரான டீக்கனின் மனைவி தட்டவில்லை. வருகிறவர்களை இடம் பார்த்து உட்காரவைக்கும் வெள்ளைக் கையுறைப் பெண்கள் தட்டவில்லை. மேடையில் பாஸ்டர் டில்லர்டும் அந்த இடத்தில் தட்டாமல் விட்டார். இத்தனை வருஷமாக எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு அந்த இசைத்தட்டைக் கேட்டிருக்கிறார்கள். யாருக்கும் தாங்கள் செய்வது தெரியவில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும். அப்பா போனதிலிருந்து இப்போதுதான் அழுதாள்.

பக்கத்தில் அத்தை கண்ணை மூடிக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது தட்டுக்கு அவள் கைகளும் காற்றில் நின்றன. என்னவோ உறைத்தாற்போலக் கண்ணைத் திறந்து, தன் கைகளைப் பார்த்தாள். பிறகு வெர்லீனைப் பார்த்தாள்.

அடுத்த அடி முடிந்தது. அத்தை ஒன்று தட்டினாள், இரண்டு தட்டினாள். மூன்றாவதற்குக் கைகளை அகல விரித்தபடியே வைத்துக்கொண்டு, இந்த முறை கண்ணை மூடாமல், தம்பியின் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.