கேற்றில் இல்லாத பெயர்

மடிக்கணினிக்கு என்ன கேடு என்று ஒருத்தருக்கும் விளங்கவில்லை. கண்டி வாவிக்கரைக் கோப்பிக் கடையில் அதை விரித்தால் இணைப்பு தெரியும், பச்சைக் கோடுகள் நிறைய நிற்கும். சேரச் சொன்னால் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு மாட்டேன் என்று சொல்லிவிடும். கடவுச்சொல் கூடக் கேட்காத, போகிறவர் வருகிறவர் எல்லாரும் சேரக்கூடிய இலவச இணைப்பு அது. பக்கத்து மேசையில் பல்கலைக்கழக வளாகத்துப் பிள்ளைகள் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, சத்தியபாமா மட்டும் ஆறிப்போன கோப்பியோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு ஹோட்டல் முன்கூடத்திலும் புத்தகக் கடை மாடியிலும் இதே கதைதான்.

சும்மா பொழுதுபோக்குக்கு என்றால் போகட்டும் என்று விட்டிருப்பாள். நாற்பத்தேழு வயதில், இருபது வருடம் கணிதம் படிப்பித்த பிறகு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் ஒரு வருடம் படிக்க விண்ணப்பித்திருந்தாள். இணையத்தில் நேர்முகம். திங்கட்கிழமை இந்தச் சனியனால் அது தவறிப்போனது. வியாழன் நாலு மணிக்கு இன்னொரு தரம் கூப்பிடுவோம், அதுதான் கடைசி என்று எழுதியிருந்தார்கள். வீட்டுத் தொலைபேசிக் கம்பியில் ஒரு மின்னஞ்சல் இறங்கவே அரைமணி பிடிக்கும். குரல் எங்கே போக?

ஒரு கடைக்காரன் வைரஸ் என்றான். இன்னொருவன் உள்ளே இணைப்பு அட்டை செத்துவிட்டது, புதிதாக வாங்குங்கள் என்றான். திறந்துகூடப் பார்க்காமல் சொன்னான். வழக்கமாகப் பார்க்கும் ராஜலிங்கம் கடுகண்ணாவையில் ஒரு கல்யாணத்துக்குப் போய், வியாழக்கிழமை மத்தியானம்தான் கடை திறந்தான். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்து, தானாகவே கணினி படித்து, நகரத்தில் மாடியறை எடுத்துக் கடை போட்டவன். கெட்டிக்காரன். அவனும் இன்று அவள் முகத்தைப் பார்க்காமல் கணினியைத் திறந்தான். கடை இணைப்பின் கடவுச்சொல்லைத் தட்டினான். உடனே சேர்ந்துவிட்டது.

“இங்க நல்லாத்தானே வேலை செய்யுது டீச்சர்.”

“இஞ்ச பூட்டு இருக்கு, வேலை செய்யுது. பூட்டில்லாத மூண்டு இடத்திலயும் செய்யேல்லை. பழுதெண்டால் எல்லா இடத்திலயும் பழுதாயிருக்க வேணும். இது பழுதில்லை ராஜலிங்கம். ஆரோ இதுக்குச் சொல்லி வைச்சிருக்கினம்.”

அவன் சுட்டியை மேசையில் இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தான்.

“உங்க வீட்டு சார்தான் டீச்சர். வாங்கின அன்னைக்கே கொண்டாந்து, தொறந்த எடத்துல சேராம பண்ணிடுன்னாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு.”

“ஏனாம்?”

“ஒரே இணைப்புல இருக்கிறவங்களுக்கு உங்க மெசின் பேரு தெரியலாம்னு நான்தான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இல்லாம சொல்லிட்டேன். நீங்க உங்க பேரைப் போட்டிருந்தீங்க. அதையும் மாத்தச் சொன்னாரு.”

அவளுக்குக் கோபம் உச்சியில் ஏறியது. நாலு நாளாகத் தெருத்தெருவாக அலைந்திருக்கிறாள். திங்கட்கிழமை இரவு அழுதபோது பக்கத்தில் இருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த மனுசன், வாய் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை.

அதைவிட எரிச்சல், அவருடைய பயம் ஒருகாலத்தில் சரியாக இருந்ததுதான். எண்பத்துமூன்று ஆடியில் அவர்கள் புதுக் கல்யாணம். தமிழரின் வீடு தேடி ஒரு கூட்டம், வீதியில் வாசல் கேற் கேற்றாகப் பெயர்ப்பலகை வாசித்துக்கொண்டு வந்தது. அது வருவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன் நவரட்ணராஜா தன் பலகையைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்தார். அடுத்த வீட்டுச் செல்லப்பா கழற்றவில்லை. அவருடைய வீடு எரிந்தது. அதன்பிறகு எத்தனை வீடு மாறியும் இருபத்தைந்து வருடமாக அவர்கள் கேற்றில் பெயர் கிடையாது.

இப்போது மறுபடியும் யுத்தம், மறுபடியும் சோதனைச் சாவடி, மறுபடியும் பொலிசில் பதிவு. பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றால் கண்டியில் ஏன் இருக்கிறாய் என்று ஒரு கேள்வி. தபால் கந்தோரில் முப்பது வருடம் இந்த நாட்டுக் கடிதங்களைப் பிரித்துக் கொடுத்தவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க, முளைத்து மூன்று இலை விடாத ஒருவனுக்கு வாய் வருகிறது. அவரும் பதிவுத்துண்டு, அடையாள அட்டை, ஓய்வூதியக் கடிதம் எல்லாவற்றையும் பிளாஸ்ரிக் உறையில் போட்டுக்கொண்டு பாண் வாங்கப் போவதற்குக்கூடத் தூக்கிக்கொண்டு போகிறார். பேர் கூப்பிட்டால் எழும்பி நின்று காட்டுவார். யாரைத்தான் திட்டுவது?

“அதை எடுத்துவிடும். பேரையும் மாத்தும்.”

ராஜலிங்கம் ஒரு சரி அடையாளத்தை நீக்கினான். அவ்வளவுதான், ஒரேயொரு தட்டு. பெயரை அவளே தட்டினாள். கணினி அணைந்து மறுபடி எழும்ப மணி மூன்றே கால்.

“இங்கயே உள்அறையில ஒக்காந்து பேசுங்க டீச்சர். கதவ சாத்திக்கலாம்.”

“கதவைச் சாத்திக்கொண்டு கதைக்க நான் என்ன களவே எடுத்தனான்? எல்லாரும் இருக்கிற இடத்திலதான் நானும் இருக்கப்போறன்.”

கோப்பிக் கடை வாசலில் காவலாளி பையைத் திறக்கச் சொன்னான். அவளுக்கு முன் போன வளாகத்துப் பிள்ளையின் பையை அவன் திறக்கச் சொல்லவில்லை. அடையாள அட்டையை முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அவள் நடு மேசையில் போய் உட்கார்ந்து கணினியை விரித்தாள். சேரச் சொன்னாள். சேர்ந்தது.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்க நவரட்ணராஜா மூச்சிரைக்க வந்தார். ராஜலிங்கம் சொல்லியிருப்பான். கக்கத்தில் பிளாஸ்ரிக் உறை.

“பாமா, வாரும் வீட்டை. இதெல்லாம் இப்ப தேவையோ?”

“எனக்குத் தேவை. நீங்கள் செய்ததைப் பற்றி வீட்டை வந்து கதைக்கிறன்.”

அவர் இரண்டு மேசை தள்ளி, அவளைத் தெரியாதவர்போல ஒரு கதிரையில் உட்கார்ந்தார். காவலாளியைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார்.

சரியாக நாலு மணிக்கு அழைப்பு வந்தது. காதில் மாட்டிய கருவியில் ஒரு பெண் குரல் வணக்கம் சொல்லி, பதிவுக்காக முழுப்பெயரைச் சொல்லும்படி கேட்டது. சத்தியபாமா இருபத்தைந்து வருடமாகப் புருசனின் பெயரை வாயால் சொன்னதில்லை. அங்கே இங்கே என்றால் ‘இவர்’ என்பாள், எழுதத்தான் எழுதுவாள். இன்று குரலைத் தாழ்த்தவில்லை.

“சத்தியபாமா நவரட்ணராஜா.”

இரண்டு மேசைக்கு அப்பால் கதிரை இழுபட்டது. நவரட்ணராஜா எழும்பி நின்றார். உறை திறந்திருந்தது. அடையாள அட்டையை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, தன்னைக் கூப்பிட்ட அதிகாரி யாரென்று கடை முழுக்கத் தேடினார்.

வாய்க்குப் போன கோப்பிக் கோப்பைகள் அப்படியே நின்றன. வாசலில் காவலாளியும் திரும்பிப் பார்த்தான். சத்தியபாமாவுக்கு அவரில் இருந்த கோபம் முழுதும் அந்த இடத்திலேயே அவரை விட்டு, அவரை இப்படி எழும்பி நிற்கப் பழக்கியவர்கள் பக்கம் திரும்பியது, திரும்பியும் குறையவில்லை.

“இருங்கோ,” என்றாள். “ஒருத்தரும் உங்களைக் கேக்கேல்லை. அது என்ர பேர்.”

அவர் மறுபடி உட்கார்ந்தார். காதில் அந்தப் பெண் ஏதும் பிரச்சினையா என்று கேட்டாள். இல்லை என்றாள் சத்தியபாமா. பிறகு திரைப்பக்கம் திரும்பி, யாரும் கேட்காமலே, தன் பெயரை இன்னொரு தரம் முழுதாகச் சொன்னாள்.

இந்தமுறை அவர் எழும்பவில்லை. அடையாள அட்டை மட்டும் கையிலேயே இருந்தது.